ஆப் சொல்லாத ஆந்தை: சர்வதேசப் பறவை டூர் கைடுகள் என்னதான் செய்றாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன்.)

இந்த வாரம் டெக் எபிசோடா, காட்டு எபிசோடான்னு கேட்டா, ரெண்டும்தான்.

போன மாசம் ஒரு வாரம் அரூர்ல, வீட்டுல இருந்தே வேலை பார்த்தேன். ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பை மூடிட்டு தீர்த்தமலை அடிவாரம் பக்கம் பைக்ல போனேன். கையில போன், போன்ல மெர்லின் ஆப். சுத்தி கேக்குற சத்தத்தை வெச்சு அது பறவை பேரைச் சொல்லும். சின்னான், தவிட்டுக்குருவி, மைனான்னு வரிசையா சொல்லிட்டே வந்துச்சு. இருட்ட ஆரம்பிச்சதும் தூரத்துல டக், டக், டக்-டக்-டக்னு ஒரு சத்தம். டேபிள் டென்னிஸ் பந்து துள்ளித் துள்ளி நிக்கிற மாதிரி. ஆப்ல ஒண்ணுமே வரலை.

ஆடு ஓட்டிட்டு வந்த ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். "அது பக்கி தம்பி. மண் ரோட்டுலதான் உக்காந்திருக்கும். டார்ச் அடி, கண்ணு செவப்பா மின்னும்"னு சொன்னார். அடிச்சேன், மின்னுச்சு.

அதோட நிறுத்தியிருக்கலாம். பக்கத்துல வரவைக்கலாம்னு நெட்ல பக்கியோட குரலைத் தேடி, போன்ல சத்தமா திரும்பத் திரும்பப் போட்டேன். பறவை எழுந்து என் தலைக்கு மேலயே சுத்த ஆரம்பிச்சுது. எனக்கு ஒரே சந்தோஷம். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அத ஏன் தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏமாத்தற?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அந்தக் கேள்வியில இருந்து வந்ததுதான் இந்த எபிசோடு.

டூர்னா என்ன நடக்கும்?

உலகம் முழுக்கப் பறவை பார்க்கவே ஆளுங்களைக் கூட்டிட்டுப் போற கம்பெனிகள் இருக்கு. இங்கிலாந்தோட பேர்ட்குவெஸ்ட், தென்னாப்பிரிக்காவோட ராக்ஜம்பர், அமெரிக்காவோட விக்டர் இமானுவேல் நேச்சர் டூர்ஸ் மாதிரி. இவங்களுக்குத் தென்னிந்தியா முக்கியமான இடம். காரணம் மேற்குத்தொடர்ச்சி மலை. உலகத்துல வேற எங்கேயும் இல்லாத பறவைகள் அங்க இருக்கு. அதனால முதுமலை, ஊட்டி, மூணாறு, தட்டேக்காடு, பெரியாறுன்னு ஒரு பாதை போகும். நான் பார்த்த டூர் ப்ரோகிராம் எதுலயும் அரூர் இல்லை.

சின்னக் குழுதான். கூடவே கம்பெனி சார்பா ஒரு தலைமை கைடு. வண்டி, ரூம், பர்மிட் எல்லாம் பார்க்குற உள்ளூர் ஏஜென்ட் ஒருத்தர். ஒவ்வொரு ஊர்லயும் அந்தக் காட்டைத் தெரிஞ்ச லோக்கல் கைடு ஒருத்தர். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி அன்னைக்குப் பார்த்த பறவைகளோட பட்டியலை ஒண்ணு ஒண்ணா வாசிச்சு டிக் அடிக்கணும்.

கைடோட வேலை பறவையைக் கண்டுபிடிக்கிறதோட முடியறதில்லை. அதைக் கடைசி ஆளும் பார்த்தாகணும். காசு கட்டிட்டுக் கடல் தாண்டி வந்தவருக்கு வயசு எழுபதா இருக்கலாம், காது மந்தமா இருக்கலாம். "அந்த மரத்துல"ன்னு சொன்னா எந்த மரம்? அதனாலதான் நிமிஷத்துல டெலஸ்கோப்பை நிறுத்துறது, கிளைக்குக் கொஞ்சம் கீழே லேசர் அடிச்சு இடம் காட்டுறது, பார்த்தவரை நகர்த்திட்டு பார்க்காதவரை முன்னாடி கொண்டு வர்றது எல்லாம். ஒரு நல்ல கைடுகிட்ட பாதி வேலை ஆளுங்களைப் பார்த்துக்கிறதுதான்.

மரக்கிளை தெரிஞ்ச ஆள்

2015ல நோவா ஸ்ட்ரைக்கர்னு ஒரு அமெரிக்க இளைஞர், ஒரே வருஷத்துல உலகத்துலயே அதிக வகைப் பறவைகளைப் பார்க்கணும்னு கிளம்பினார். 41 நாடுகள், 6,042 இனங்கள். அவர் வெச்சுக்கிட்ட விதி ஒண்ணு உண்டு. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர் ஆளுங்களோடதான் பறவை பார்க்கணும். அதுவரைக்கும் இருந்த சாதனை 4,341. அதைத் தாண்ட வெச்ச 4,342ஆவது பறவையை அவர் பார்த்தது எங்க தெரியுமா? நம்ம பக்கத்துல, கேரளாவோட தட்டேக்காட்டுல. இலங்கைத் தவளைவாயன்.

இந்தப் பறவை பகல்ல சத்தம் போடாது, அசையாது. காஞ்ச இலை மாதிரியே கிளையில ஒட்டிட்டுத் தூங்கும். ரெண்டடி தள்ளி நின்னாலும் தெரியாது. ஆனா பெரும்பாலும் பழகின இடத்துக்கே திரும்ப வரும். உலகத்துல இருக்குற பறவைல பாதியை மனப்பாடமா சொல்ற தலைமை கைடுக்கும் இந்த வாரம் அது எந்தக் கிளையில உக்காருதுன்னு தெரியாது. தட்டேக்காட்டு ஆளுக்குத் தெரியும். நம்ம பெரியவருக்குப் பக்கி உக்காருற மண் ரோடு தெரிஞ்ச மாதிரி.

லிஸ்ட்ல இல்லாத குரல்

சரி, ஆப் இருக்கே, கைடு எதுக்குன்னு கேக்கலாம். நானும் அதே தொழில்ல இருக்குறவன்தான், நேரா பேசுவோம். மெர்லின்ல ஒலியை வெச்சு அடையாளம் காட்டுற வசதி 2021ல வந்தது. அது ஒலியை ஒரு படமா மாத்தி, பழகின படங்களோட ஒப்பிடுது. அருமையான வேலை, தினமும் பயன்படுத்துறேன். ஆனா எந்த கிளாசிஃபயரா இருந்தாலும் அதுக்குச் சொல்லிக் கொடுத்த பேர்கள்ல ஒண்ணைத்தான் சொல்லும், இல்லன்னா சும்மா இருக்கும். "இது இதுவரைக்கும் யாருமே பேர் வைக்காத பறவை"ன்னு அதால சொல்ல முடியாது.

இலங்கையில தீபால் வரகாகொட சொன்னார். அவர் பறவை ஆய்வாளர், வெளிநாட்டுக் குழுக்களை அழைச்சுட்டுப் போற கைடு, பறவைக் குரல்களைப் பதிவு பண்றவரும் கூட. 1995ல கித்துல்கல காட்டுல ராத்திரி ஒரு சின்னக் குரல் கேட்டார். இலங்கைப் பறவைகளோட குரல் எல்லாம் அவருக்கு அத்துப்படி, அதனாலதான் இது எதுலயும் சேராதுன்னு புரிஞ்சுது. பதிவு பண்ணினார், விடாம தேடினார். கண்ணுல பட்டது 2001 ஜனவரி 23ஆம் தேதி, சிங்கராஜக் காட்டுல. ஆறு வருஷம்! செம்பழுப்பு நிறத்துல, ஒரு சாண்கூட இல்லாத ஆந்தை. 2004ல பமேலா ராஸ்முசனோட சேர்ந்து அதை அறிவியல் உலகத்துக்கு அறிவிச்சார். பேர் செரண்டிப் ஸ்கோப்ஸ் ஆந்தை. 1868க்கு அப்புறம் இலங்கையில கண்டுபிடிச்ச முதல் புதுப் பறவை இனம் அது. சிங்கராஜக் காட்டை மரம் வெட்டுறதுல இருந்து காப்பாத்தப் போராடின தீலோ ஹாஃப்மன் பேரையே அதோட அறிவியல் பேர்ல வெச்சாங்க.

இன்னொரு ஆந்தைக் கதை. மத்திய இந்தியாவோட ஃபாரஸ்ட் அவ்லெட். 1884க்கு அப்புறம் உறுதியான பதிவு கிடையாது. 1914ல குஜராத்ல பிடிச்சதா ரிச்சர்ட் மெய்னர்ட்ஸகன்ங்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒரு மாதிரி வெச்சிருந்தார். அது அருங்காட்சியகத்துல திருடி, திரும்பப் பஞ்சு அடைச்சு, பொய்யான இடம் எழுதின பழைய உடல்னு ராஸ்முசன் கண்டுபிடிச்சாங்க. நம்ம பாஷையில சொன்னா டேட்டாபேஸ்ல போலி என்ட்ரி. அதை நம்பிப் போனவங்க எல்லாம் இல்லாத இடத்துல தேடியிருக்காங்க. அதைத் தூக்கிட்டு, உண்மையான பழைய மாதிரிகள் கிடைச்ச இடங்களுக்கு அவங்க போனாங்க. கூடப் போன ரெண்டு பேர்ல ஒருத்தர் பென் கிங், கிங்பேர்ட் டூர்ஸ்னு பறவை டூர் நடத்தினவர், தென்கிழக்காசியப் பறவைகளுக்குக் கையேடு எழுதினவர். 1997 நவம்பர் 25, மகாராஷ்டிராவோட ஷஹாதா பக்கத்துல, 113 வருஷத்துக்கு அப்புறம் அந்த ஆந்தை வெட்டவெளிச்சத்துல உக்காந்திருந்துச்சு.

எப்போ நிறுத்தணும்

என் தப்புக்கு வர்றேன். பதிவு பண்ணின குரலைப் போட்டுப் பறவையை வரவைக்கிறதுக்கு 'ப்ளேபேக்'னு பேர். பல டூர்கள்ல இது நடக்குது. பறவை ஏன் வருது? தன் எல்லைக்குள்ள வேற ஒருத்தன் புகுந்துட்டான்னு நினைச்சு வருது. கூட்டை விட்டுட்டு வரும், தீனி தேடுற நேரத்தை இல்லாத எதிரிக்காகச் செலவு பண்ணும். ஒரு தடவைன்னா தாங்கும். தினம் ஒரு குழு வந்து அதே மரத்தடியில போட்டா? அதனால பொறுப்பான கைடுகள் குறைச்ச சத்தத்துல, சில நொடிதான் போடுவாங்க. பறவை பதில் சொன்னதும் நிறுத்திடுவாங்க. கூடு கட்டுற காலத்துலயும், ரொம்ப அரிதான பறவைக்கும் போடவே மாட்டாங்க. நான் இதுல எல்லாத்தையும் மீறினேன்.

நிறுத்தத் தெரியறது மனுஷங்க உயிருக்கும் முக்கியம். டேவிட் ஹன்ட் அனுபவமுள்ள பிரிட்டிஷ் கைடு. 1985 பிப்ரவரியில கார்பெட் தேசியப் பூங்காவுக்கு ஒரு குழுவைக் கூட்டிட்டு வந்தார். ஒரு ஆந்தையைப் பார்க்கக் குழுவை விட்டுத் தனியா உள்ள போனார், புலி தாக்கி இறந்துட்டார். யானை நடமாடுற நம்ம காடுகள்ல, "இங்க இருந்து திரும்பலாம்"னு உள்ளூர் கைடு சொன்னா திரும்பிடணும்.

காடு தெரிஞ்சவங்களுக்கு என்ன கிடைக்குது?

அருணாச்சலத்துல ஈகிள்நெஸ்ட் பக்கம் ரமணா அத்ரேயான்னு ஒரு வானியலாளர் 1995ல ஒரு பறவையைப் பார்த்தார். 2006ல அதைப் புது இனமா அறிவிச்சார். மிச்சமிருந்த எண்ணிக்கை ரொம்பக் குறைவுங்கிறதால அதைக் கொல்லாம, இறகையும் படத்தையும் வெச்சே விவரிச்சார். பேர் புகுன் லியோசிக்லா. புகுன்ங்கிறது அந்தக் காட்டோட பழங்குடி மக்கள் பேர். அவங்களோட சேர்ந்து அங்க பறவைச் சுற்றுலா வளர்ந்தது. இன்னைக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, காசு ஊருக்குள்ள வருது. 2017ல அந்த மக்கள் தங்க நிலத்துல 17 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்புக் காடா ஒதுக்கினாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஊரு ஞாபகம்தான் வந்துச்சு. அரூர் தாலுகா, சித்தேரி மலை அடிவாரத்துல வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க அந்தப் பழங்குடி ஊருக்குள்ள புகுந்தாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க, ஊரே சூறையாடப்பட்டது. 2011ல தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள்னு சொன்னது. அதுக்குள்ள 54 பேர் இறந்துட்டாங்க. 2023ல உயர் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செஞ்சது. 31 வருஷம்.

பறவை எபிசோடுல இதை ஏன் சொல்றேன்னு கேக்கலாம். கைடு தொழில் நம்பிக்கையில நிக்குது. ராத்திரி காட்டுப் பக்கம் டார்ச்சோட ஒரு வெளிநாட்டுக்காரர் நின்னா அவர் டூரிஸ்ட். அந்தக் காட்டுலயே பிறந்தவர் நின்னா அவர் யாரு? சந்தேகப்படற ஆளா, நிபுணரா? எங்க பக்கத்து மலைகள்ல சுற்றுலா வரணும்னு பேசுறவங்க முதல்ல இதுக்குப் பதில் சொல்லணும். தென்னிந்தியப் பாறைக்குன்றுகள்ல மட்டுமே வாழ்ற மஞ்சள் தொண்டைச் சின்னான் ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியல்ல இருக்கு. அதைத் தேடிக் கடல் தாண்டி ஆளுங்க வர்றாங்க. நாளைக்கு எங்க பக்கம் வந்தா, முன்னாடி நடக்கப் போறது யாரு, சம்பளம் யாருக்கு?

நம்மால ஆனது சின்னச் சின்ன விஷயங்கள்தான். பறவை பார்க்கப் போனா உள்ளூர் கைடை வெச்சுக்கோங்க, பேரம் பேசாதீங்க. ஈபேர்ட்ல லிஸ்ட் போடும்போது, அவர் சம்மதிச்சா, காட்டினது யாருன்னு குறிப்புல எழுதுங்க. ப்ளேபேக் வேண்டாம்னு நீங்களே முதல்ல சொல்லுங்க, ஏன்னா பல கைடுகள் நம்ம அவசரத்துக்காகத்தான் போடறாங்க. வருஷா வருஷம் ஜனவரியில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. 15 நிமிஷம் ஒரு இடத்துல நின்னு எண்ணினாலே போதும், மொட்டைமாடியில இருந்துகூட.

நான் இந்தப் பொங்கலுக்கு அரூர் போறேன். அந்தப் பெரியவரைத் தேடிப் பார்க்கணும். கூட நடக்க அவர் ஒத்துக்கிட்டா, அவருக்கான கூலியோட போவேன். போன் ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.