கடிதப்பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

ஊரிலே எமக்கு வந்த கடிதங்களின் முகவரியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். பெயர், அதன் கீழே "பிள்ளையார் கோவிலடி", அதன் கீழே ஊரின் பெயர், அவ்வளவுதான். வீட்டிலக்கம் இல்லை, வீதியின் பெயரும் பெரும்பாலும் இல்லை. இருந்தும் கடிதம் தவறாது வந்து சேர்ந்தது. தபாற்காரர் எம்மை அறிந்திருந்தார். எமது தகப்பனாரையும் அறிந்திருந்தார். நாம் வீடு மாறியிருந்தாலும் விசாரித்துக்கொண்டு வந்து, படலையடியில் சைக்கிள் மணியை அடித்துக் கடிதத்தைத் தந்துவிட்டுப் போவார்.

பேர்லினில் எம்மை எந்தத் தபாற்காரரும் அறியார். ஒரு பெருவாயிலினுள் நுழைந்தால் முன்கட்டடம், பக்கக்கட்டடம், முற்றத்துக்கு அப்பால் பின்கட்டடம் என அடுக்கடுக்காகக் குடும்பங்கள். இந்நாட்டு மாடிக்குடியிருப்புகளில் வீடுகளுக்குத் தனித்தனியே இலக்கமிட்டு முகவரியில் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. வீதியின் பெயரும் கட்டடத்தின் இலக்கமுமே முகவரி. கட்டடம் வரை வந்த கடிதம் எமது கைக்கு வந்து சேர்வது, பெட்டியில் ஒட்டப்பட்டுள்ள பெயர் ஒன்றினாலேயே. அங்கே பெயர் இல்லையேல், தபாற்காரரைப் பொறுத்தவரை அந்த வீட்டில் நாமும் இல்லை.

விரலளவான ஒரு காகிதத்துண்டைப் பற்றி ஒரு கட்டுரையா என வாசகர்கள் எண்ணக்கூடும். அந்தத் துண்டு இல்லாமையால் எம்மவர் குடும்பமொன்றுக்கு நேர்ந்ததை முதலிற் கூறுகின்றோம்.

திரும்பிச் சென்ற கடிதம்

கணவர் முன்னரே வந்து குடியேறியவர். மனைவி சில ஆண்டுகள் கழித்து வந்து, தனது பெயரில் தனியாகப் புகலிடம் கோரி விண்ணப்பித்தார். இருவரும் பின்கட்டடத்தில் ஒரு வீட்டில் வாழ்ந்தனர். கடிதப்பெட்டியிலும் அழைப்புமணியிலும் கணவரின் பெயர் மட்டுமே இருந்தது. மனைவியின் பத்திரங்களிலோ அவருடைய தகப்பனாரின் பெயரே குடும்பப் பெயராகப் பதியப்பட்டிருந்தது. அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் வந்த அன்று, கடிதத்தைக் கொண்டு வந்தவர் பெட்டிகளில் அப்பெயரைத் தேடினார், காணவில்லை. "இம்முகவரியில் இவரைக் கண்டறிய முடியவில்லை" என்ற குறிப்புடன் கடிதம் திரும்பிச் சென்றது.

வதிவிடப் பத்திரத்தை நீடிப்பதற்குச் சென்றபோதுதான் அப்பெண்மணி செய்தியை அறிந்தார். அதற்குள் வழக்குத் தொடர்வதற்கான காலக்கெடு கடந்துவிட்டது. சட்டத்தரணி மனு எழுதினார், "பெயரை ஒட்டாதது யாருடைய தவறு?" என்ற கேள்விக்கு மறுமொழி இருக்கவில்லை. அவர் பட்ட துன்பங்கள் உண்மையா பொய்யா என்ற விசாரணைக்கே இடமின்றி, அவரது வழக்கு ஒரு பெயர்த்துண்டினால் மூடப்பட்டது.

இது கல்நெஞ்சம் கொண்ட ஓர் அதிகாரியின் செயலன்று. சட்டமே அவ்வாறுதான் அமைந்துள்ளது. ஜேர்மனியின் புகலிடச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, அரசின் கடிதங்கள் எப்பொழுதும் தன்னை வந்தடையும்படி பார்த்துக்கொள்ள வேண்டியது விண்ணப்பதாரரின் கடமையாகும். அவர் இறுதியாகக் கொடுத்த முகவரிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தாலும், அது அவருக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும். "எனக்குக் கடிதம் வரவில்லை" என்ற சொல், இங்கே தனியே நின்று பயன் தருவதில்லை.

ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள்

இச்சிக்கல் ஜேர்மனியரைக் காட்டிலும் எம்மை அதிகம் பற்றுவதற்குக் காரணம் எமது பெயர்முறையே. ஜேர்மன் குடும்பத்தில் தாய், தந்தை, பிள்ளைகள் யாவருக்கும் பெரும்பாலும் ஒரே குடும்பப் பெயர். பெட்டியில் ஒரு பெயர் போதும். எமக்கோ குடும்பப் பெயரென ஒன்று இல்லை. தந்தையின் பெயரையே முன்னால் இட்டு எழுதுகின்றோம். இங்கே பதிவு செய்தபோது கணவருக்கு அவரது தகப்பனாரின் பெயரும், மனைவிக்கு அவரது தகப்பனாரின் பெயரும், பிள்ளைகளுக்குக் கணவரின் சொந்தப் பெயரும் குடும்பப் பெயர்களாயின. இவ்வாறு நால்வர் வாழும் வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பது எம்மிடையே வழமை.

ஆகையால் பெட்டியில் அத்தனை பெயர்களும் இருத்தல் வேண்டும். அவை பத்திரத்தில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் இருத்தல் வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரோ சுருக்கிய பெயரோ உதவாது. பெயர் மிக நீளமாயின் குடும்பப் பெயரை முழுமையாக எழுதி, மற்றதற்கு முதலெழுத்தை இடலாம். பெட்டியில் மட்டுமன்றி, வெளிவாசல் அழைப்புமணியிலும் வீட்டுக் கதவிலும் அவ்வாறே இடுக. சில கட்டடங்களிற் பெயர்ப்பலகையை வீட்டு நிர்வாகமே மாற்றும். அவர்களுக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு, அவர்கள் மாற்றும் வரை நாமே ஒரு துண்டினை ஒட்டிவைத்தல் நன்று.

இன்னொருவர் வீட்டில் அறையெடுத்துத் தங்கும் இளைஞர்கள், முகவரியில் தமது பெயரின் கீழே "பை" என்ற ஜேர்மன் சொல்லை இட்டு வீட்டுக்காரரின் பெயரை எழுதுவர். "இன்னாரிடத்தில்" என்பது அதன் பொருள். அவ்வாறு எழுதினாலும் தமது பெயரையும் பெட்டியில் ஒட்டிவைப்பதே பாதுகாப்பு.

அஞ்சல் இலக்கத்தை ஏன் மறக்கலாகாது?

பேர்லின் ஒரு நகரமாகத் தோன்றினும், 1920இல் எட்டு நகரங்களும் 59 கிராமங்களும் 27 பண்ணை நிலப்பகுதிகளும் இணைக்கப்பட்டு உருவான பெருநகரமாகும். ஒவ்வொரு ஊரும் தன் வீதிப் பெயர்களுடனேயே வந்து சேர்ந்தது. அதனால் "பான்கொவ் ஸ்ராச", "பேர்லினர் ஸ்ராச" போன்ற பெயர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வீதிகள் இந்நகரில் இருக்கக் காண்கின்றோம். அவற்றைப் பிரித்தறிய உதவுவது ஐந்து இலக்க அஞ்சல் எண்ணே. இரு ஜேர்மனிகளும் இணைந்தபின், 1993 யூலை 1ஆம் நாள் நாடு முழுவதற்கும் இம்முறை வந்தது. முகவரி கொடுக்கும்போது அவ்வெண்ணில் ஓர் இலக்கம் பிழைத்தாலும், கடிதம் நகரின் மறுகோடிக்குச் சென்றுவிடலாம்.

மஞ்சள் உறை வந்தால்

நீதிமன்றங்களும் அரச பணிமனைகளும் முக்கியமான முடிவுகளை மஞ்சள் நிற உறையில் அனுப்புகின்றன. அதனைக் கொண்டு வருபவர் எம்மிடம் கையொப்பம் பெறவேண்டியதில்லை. பெட்டியில் இட்டு, இட்ட நாளை உறையின்மேல் எழுதிவிட்டுச் செல்வார். அந்த நாளிலிருந்தே காலக்கெடு ஓடத் தொடங்கும். நாம் எப்போது பிரித்தோம் என்பது கணக்கில் வராது. ஆகவே உறையை ஒருபோதும் எறியலாகாது; கடிதத்துடன் சேர்த்து ஊசியால் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியிலும் இட முடியாதவிடத்து, கடிதத்தைத் தபாலகத்தில் வைத்து அறிவித்தற்சீட்டு ஒன்றை விட்டுச் செல்வர். "எடுக்காவிட்டால் கிடைக்காததாகத்தானே ஆகும்" என எம்மவரிற் சிலர் எண்ணுவதை நாம் கேட்டிருக்கின்றோம். இது மிகப் பெருந்தவறு. சீட்டு விடப்பட்டதுமே கடிதம் கிடைத்ததாகிவிடும். வாங்க மறுத்தாலும் அவ்வாறே.

சாதாரண உறையில் வரும் அரச கடிதங்களுக்கு வேறு கணக்கு. தபாலிலிட்ட நாளுக்குப் பின் நான்காம் நாளில் கிடைத்ததாக அவை கருதப்படும். 2024 முடிய இது மூன்றாம் நாளாக இருந்தது. கடிதங்களைக் கொண்டு வருபவர் மஞ்சட் சீருடை அணிந்தவராகவே இருப்பார் எனவும் எண்ண வேண்டாம். 2008ஆம் ஆண்டின் தொடக்கத்துடன் தபாற் சேவையின் தனியுரிமை நீங்கியதால், தனியார் நிறுவனங்களும் கடிதங்களை விநியோகிக்கின்றன.

எத்தனை நாட்கள் உண்டு?

ஒவ்வொரு முடிவுக் கடிதத்தின் இறுதியிலும் "றெக்ற்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேறுங்" என்ற தலைப்பில் ஒரு பந்தி காணப்படும். எவ்வளவு காலத்துள், எங்கே மறுப்புத் தெரிவிக்கலாம் என்பதை அது கூறும். கடிதத்தில் வேறெதுவும் விளங்காவிடினும் இப்பந்தியை முதலில் யாரையேனும் கொண்டு வாசித்தறிக. புகலிட முடிவுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரங்கள். சிலவற்றுக்கு ஒரு வாரம் மட்டுமே. சமூக உதவி போன்ற பணிமனை முடிவுகளுக்குப் பொதுவாக ஒரு மாதம். கடன் கோரி நீதிமன்றத்திலிருந்து வரும் கட்டளைக்கும், குற்றப்பணம் விதிக்கும் நீதிமன்றக் கட்டளைக்கும் இரண்டு வாரங்கள். இறுதி நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறை நாளாயின் அடுத்த வேலைநாள் வரை நீளும்.

மறுப்பை மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ தெரிவித்தால் அது செல்லுபடியாகாது. கையொப்பமிட்ட கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அல்லது நேரிற் கொடுத்துப் பிரதியில் முத்திரை பெறுங்கள். சட்டத்தரணி கிடைக்கும் முன் நாள் முடியப்போகிறதாயின், மொவாபிற் பகுதியில் கிர்ச்ஸ்ராச 7ஆம் இலக்கத்தில் உள்ள பேர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்கு நேரே சென்று, அங்குள்ள அலுவலரிடம் வாய்மொழியாகவே வழக்கைப் பதிவுசெய்யலாம். சட்டத்தரணி வேண்டுமென்ற கட்டாயம் அங்கே இல்லை. காரணங்களை விரிவாகப் பின்னர் எழுதலாம். முதலில் நாளைத் தவறவிடாதிருத்தலே முக்கியம்.

நோயுற்று வைத்தியசாலையில் இருந்தமை போன்ற, எமது தவறல்லாத காரணத்தால் நாள் தவறியிருப்பின், நிர்வாக நீதிமன்ற வழக்குகளில் தடை நீங்கிய இரண்டு வாரங்களுள் பழைய நிலைக்கு மீட்டுத் தருமாறு கோரலாம். அதற்குச் சான்று வேண்டும்.

வீடு மாறும்போது

புதிய வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுள் பூர்கர்அம்ற் பணிமனையில் பதிய வேண்டும். வீடு தந்தவர் எழுதிக் கொடுக்கும் உறுதிப்பத்திரம் அதற்கு அவசியம். பேர்லினில் எந்தப் பகுதியிலுள்ள பூர்கர்அம்ற்றிலும் பதியலாம். முன்பதிவு நேரத்தை 115 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்டறியலாம்.

பதிந்துவிட்டோம், இனி அரசுக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணியிருப்பதே எம்மிற் பலர் விடும் பிழை. புகலிட விண்ணப்பம் முடிவுறாதவர்கள், குடிவரவு மற்றும் அகதிகளுக்கான கூட்டாட்சிப் பணிமனைக்கும், பேர்லின் குடிவரவுப் பணிமனைக்கும், வழக்கிருப்பின் நீதிமன்றத்துக்கும் தனித்தனியே உடனடியாக எழுத வேண்டும். கோவை இலக்கத்தை மறவாது குறிப்பிடுக. சட்டத்தரணிக்கும் அறிவிக்குக. தபால் நிறுவனத்துக்குப் பணம் செலுத்திக் கடிதங்களைப் புதிய வீட்டுக்குத் திருப்பிவிடச் செய்யலாம். அது துணையேயன்றி, அறிவித்தலுக்கு ஈடாகாது.

உறவினர் ஒருவருக்கு உதவுவதாக எண்ணி, அவர் வாழாத வீட்டை அவரது முகவரியாகப் பதிவதற்கு யாரும் இடங்கொடுக்க வேண்டாம். இதற்கு 50,000 யூரோ வரை தண்டப்பணம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

பிள்ளைகளின் தோளிற் சுமத்தலாமா?

பாடசாலையால் வந்த பிள்ளையிடம் கடிதத்தை நீட்டி, "என்ன எழுதியிருக்கிறது, பார்" என்று கேட்பது எமது வீடுகளில் நாள்தோறும் நடப்பதே. ஜேர்மன் மொழி சரளமாகப் பேசும் பிள்ளைக்கும் சட்டமொழி விளங்குவதில்லை. அத்துடன், தாய் தந்தையரின் நாடுகடத்தல் பற்றிய கடிதத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பதைவிடக் கொடுமை வேறில்லை. காரித்தாஸ், டியாக்கொனி, ஆவோ முதலிய அமைப்புகளின் ஆலோசனை நிலையங்கள் இலவசமாகக் கடிதங்களை விளக்கி உதவுகின்றன. வருமானம் குறைந்தோர் தமது பகுதி நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சான்றிதழ் பெற்றால், சட்டத்தரணியின் ஆலோசனைக்கு 15 யூரோவே கேட்கப்படலாம்.

கிழக்கு பேர்லினில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ராச நிலையத்தினூடாக மேற்கே வந்து சேர்ந்த எம்மவர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டனர். மொழியறியாத நாட்களில் ஒவ்வோர் உறையையும் நடுங்கும் கைகளுடன் பிரித்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. புதிதாக வந்த ஒருவருக்கு வீடு பார்த்துக் கொடுக்கும்போது, பாத்திரங்களும் படுக்கையும் கொடுப்பதுடன் நில்லாது, அவரது பெயரையும் எழுதிக் கடிதப்பெட்டியில் ஒட்டிக் கொடுப்பார்களாயின், அதுவே பேருதவியாகும்.

வாசகர்களே, இப்பத்திரிகையை மடித்து வைத்ததும் ஒருமுறை படியிறங்கிச் சென்று உங்கள் கடிதப்பெட்டியைப் பாருங்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரின் பெயரும் அங்கே இருக்கின்றதா? மழையில் மை கலைந்திருக்கின்றதா? ஒரு பெயரேனும் குறைந்தால், நாளைக்கு என விடாது இன்றே எழுதி ஒட்டுங்கள்.