கருவிகளின் கதை – 17: குழலைத் தொட்ட மரம்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுப் பூஜையறைக் கதவு சாத்தவே சாத்தாது. தோளைக் கொடுத்து இடிக்க வேண்டும். ஆசாரி வந்து, “மரம் தண்ணி குடிச்சிருக்கு சார்” என்று இரண்டு இழைப்பு இழைத்துவிட்டுப் போவார். இதே கோளாறு 1960களில் வியட்நாம் காட்டில் அமெரிக்க மரைன் படைக்கும் வந்தது. அங்கே மாட்டிக்கொண்டது கதவு இல்லை, துப்பாக்கி.

குறிபார்த்துச் சுடுபவர்களுக்காக 1966இல் மரைன்கள் வாங்கியது ரெமிங்டன் 700. நான்கு வருடம் முன்பு சந்தைக்கு வந்த வேட்டைத் துப்பாக்கி. படையில் அதற்கு எம்40 என்று பெயர். கட்டை வால்நட் மரம். பார்க்க அழகு, தோளில் வைத்தால் இதம். மான் வேட்டைக்கு வருடத்தில் சில நாள் எடுத்துப் போய்வந்து, துடைத்துப் பீரோவில் வைப்பவருக்குப் போதும். மாதக்கணக்கில் மழையிலும் சேற்றிலும் கிடப்பதற்கு அல்ல.

போன வாரம் குழலுக்குள் ஓடும் புரிகளைப் பார்த்தோம். குண்டு அந்தப் புரிகளில் சுழன்று வெளியேறும் கணத்தில் குழல் முழுக்க அதிர்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழும். கையால் தொட்ட வெண்கல மணி எப்படி ஒலி மாறுகிறதோ, அப்படித்தான் கட்டை உரசும் குழலும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்கேதான் உப்பும், முறுக்கும். முன்கட்டை ஒரு பக்கம் வளைந்து குழலை அழுத்தினால் குறி நகர்ந்துவிடும். பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினாலே 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம். 600 கஜத்தில் ஆறு. குறி விலகுவதுகூடப் பரவாயில்லை, ஸ்கோப்பைத் திருகிச் சரிக்கட்டலாம். நேற்று விலகிய பக்கம் இன்று விலகாது என்பதுதான் தொல்லை.

மரம் குழலைத் தொடுகிறதா என்று கண்டுபிடிக்கத் துப்பாக்கி ஆசாரிகள் பெரிய கருவி எதையும் தேடுவதில்லை. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டைச் செருகி நுனியிலிருந்து உள்நோக்கி இழுப்பார்கள். தடையில்லாமல் ஓடினால் சரி. நின்ற இடத்தில் மரம் தொடுகிறது. அங்கே சுரண்ட வேண்டும். ஆனால் மறுபடி மழை வந்தால் மறுபடி சுரண்டல்.

அதனால் கட்டையையே மாற்றினார்கள். 1970களில் குவான்டிகோ தளத்து மரைன் ஆசாரிகள் பழைய எம்40களைப் பிரித்து, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த மெக்மில்லன் கட்டையில் புதுக் குழலோடு பூட்டினார்கள். அதுதான் எம்40ஏ1. நம் கரையில் கட்டுமரம் இருந்த இடத்துக்கு வந்த ஃபைபர் படகும் இதே குடும்பம்தான்: ஊறாது, உப்பாது.

வெறுமனே மாற்றிப் பூட்டினால் போதாது. போல்ட் ஓடும் இரும்புப் பாகமும், பின்னுதைப்பைத் தாங்கும் அதன் முன்முட்டும் கட்டையில் மயிரிழை ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். பள்ளத்தில் எபாக்சியைத் தடவி, இரும்பை அதில் அமுக்கி, இறுகியபின் எடுத்தால் அச்சு அப்படியே விழுந்திருக்கும். அமுக்குவதற்கு முன் இரும்பில் மெழுகு பூச மறந்தவன் கதி அதோகதி. துப்பாக்கியும் கட்டையும் ஒட்டியே பிறந்த மாதிரி ஆகிவிடும்.

கட்டை தீர்ந்தது. அடுத்து, ரெட்ஃபீல்ட் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு உனெர்ட்டலை ஏற்றினார்கள். அது அடுத்த வாரம்.