உங்களுக்குத் தெரியுமா? தாடைக்குள் வளரும் கட்டிகள்

ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்களை எடுத்திருக்கிறார்கள். நடந்தது நம் சென்னையில்தான், 2019 ஜூலையில், வேலப்பன்சாவடி சவீதா பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். பையனுக்கு மூன்று வயதிலேயே தாடை வீங்கியதைப் பெற்றோர் கவனித்துவிட்டார்கள். குழந்தை பரிசோதனைக்கு இடம் கொடுக்காததால் தள்ளிக்கொண்டே போனது. தாடையை மேல்பக்கமாகத் திறந்து, பற்கள் அடங்கிய சுமார் 200 கிராம் எடையுள்ள பையை அப்படியே வெளியே எடுத்தார்கள். பக்கவாட்டு எலும்பை உடைக்காததால், தாடையைத் திரும்பக் கட்டும் வேலை மிச்சம். பையைப் பிரித்துப் பற்களை எண்ணி முடிக்கவே மணிக்கணக்கானது! 0.1 மி.மீ. முதல் 15 மி.மீ. வரை எத்தனையோ அளவு. இத்தனூண்டு பல்லுக்கும் தலை, வேர், எனாமல் எல்லாம் இருந்தன. பையன் வாயில் மிஞ்சியது 21 பற்கள்.

*

அந்தச் சிறுவனுக்கு வந்தது ஓடன்டோமா என்ற கட்டி. முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. அமலோபிளாஸ்டோமா என்ற இன்னொரு தாடைக் கட்டி அப்படியல்ல. அதுவும் புற்று இல்லைதான். ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே பரவும். ஐந்தில் நான்கு கீழ்த்தாடையில்தான் வரும், அதிலும் கடைவாய்ப் பக்கம். வலிக்காது என்பதுதான் கொடுமை. கன்னம் லேசாக உப்பும், பல் ஆடும், அவ்வளவுதான். பலரும் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

*

மயிலாப்பூர், தி.நகர் ஸ்கேன் சென்டர்களில் ஓ.பி.ஜி. என்ற தாடை எக்ஸ்ரே எடுக்கும்போது சின்னக் குச்சி ஒன்றை முன்பல்லால் கடிக்கச் சொல்வார்கள். இயந்திரம் தலையைச் சுற்றி வரும். சில விநாடிகளில் இரண்டு தாடையும் ஒரே படத்தில். அமலோபிளாஸ்டோமா இருந்தால் எலும்பு பெரும்பாலும் சோப்பு நுரைபோலத் தெரியும். பக்கத்துப் பல்லின் வேர்நுனி கரைந்திருக்கலாம். ஆனால் வேறு சில நீர்க்கட்டிகளும் படத்தில் இதே மாதிரிதான் இருக்கும். கட்டியில் துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்சி இல்லாமல் பெயர் வைக்க முடியாது.

*

பயாப்சி என்றதும் நம் ஊரில் முதல் கேள்வி, “அடையாறு போகணுமா டாக்டர்?” டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையால், அந்த நோய்க்கே அடையாறு என்று பெயர் விழுந்துவிட்டது. ‘புற்று இல்லை’ என்று ரிப்போர்ட் வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். கட்டியின் பெயர் என்ன, எந்த வகை என்று கேளுங்கள்.

*

சாதாரண வகை அமலோபிளாஸ்டோமாவைச் சுரண்டி மட்டும் எடுத்தால், பாதிக்கு மேல் திரும்ப வருகிறது. படத்தில் தெரியும் எல்லையைத் தாண்டி, எலும்பின் இடுக்குகளில் செல்கள் ஒளிந்திருப்பதே காரணம். அதனால் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் 1 முதல் 2 செ.மீ. சேர்த்து வெட்டுகிறார்கள். பத்து வருஷம் கழித்தும் தலைகாட்டும். செக்கப்பை நிறுத்தவே கூடாது.

*

வெட்டிய தாடைக்குக் கால் எலும்பு! கெண்டைக்காலில் உள்ள மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடை வளைவுக்கேற்ப வெட்டிப் பொருத்தி, கழுத்து ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப் வழியே தைக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ 1989-இல் வெளியிட்ட முறை இது. பிறகு அதே எலும்பில் இம்பிளான்ட் பல்லும் வைக்கலாம். உடல் எடையை அதிகம் தாங்குவது பக்கத்துப் பெரிய எலும்பு என்பதால், பெரும்பாலோர் பழையபடி நடக்கிறார்கள்.

*

அமலோபிளாஸ்டோமா கட்டிகள் பலவற்றில் ‘பிராஃப்’ என்ற மரபணு மாறியிருப்பது 2014-இல் தெரியவந்தது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரையால் ஆபரேஷனுக்கு முன்பே கட்டி சுருங்கி, தாடை தப்பிய நோயாளிகளும் இருக்கிறார்கள்.