ஒன்பது கோட்டில் ஒரு தேத்தண்ணி

ஜப்பானில் காசு போட்டால் போத்தல் தரும் பெட்டிகளில் அடிக்கடி கண்ணில் படும் பானம் ‘கோகோ நோ கோச்சா’, அதாவது பிற்பகல் தேநீர். கிரின் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. நுவரெலியா இலையும் ஹட்டன் பக்கத்துத் திம்புள்ள இலையும் அதில் சேர்கின்றன. மடுவத்தில் நிறுத்த கொழுந்து ஸ்டோரில் வாடி, உருண்டு, கறுத்து, கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பானத்தின் பெயரில் நான்கு காஞ்சி எழுத்துகள், அதாவது சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த எழுத்துகள். செம்மையைக் குறிக்கும் எழுத்து ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புப் பாடம். மற்ற மூன்றையும் இரண்டாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். கடைசியில் நிற்பது ‘ச்சா’. தேயிலைக்கும் தேநீருக்கும் அந்த ஓர் எழுத்துத்தான்.

2019 ஜூனில் திறன்சார் தொழிலாளர்களை அனுப்புவது பற்றி இலங்கையும் ஜப்பானும் உடன்படிக்கை செய்துகொண்டன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாடெங்கும் ஜப்பானிய மொழி வகுப்புகளில் கூட்டம். முதியோர் பராமரிப்போ விவசாய வேலையோ, அந்த உடன்படிக்கையின்படி வேலைக்குப் போகும் விசாவுக்குப் பொதுவாக ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையாவது, அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் தேர்ச்சியாவது வேண்டும். புதிதாகச் சேருகிறவரை முதலில் மிரட்டுவது காஞ்சி. தோட்டத்துப் பிள்ளைகள் ‘ச்சா’விலிருந்து தொடங்கினால் பயம் பாதி குறையும்.

மொத்தம் ஒன்பது கோடு. மேலே புல்: படுக்கையாக ஒரு கோடு, அதை வெட்டி இறங்கும் இரண்டு குட்டைக் கோடுகள். அடுத்து, லயத்துக் கூரைபோல இடமும் வலமும் சரியும் இரண்டு. கூரைக்குள் ஒரு படுக்கைக் கோடு, அதன் நடுவே ஒரு செங்குத்துக் கோடு, இருபுறமும் இரண்டு சிறு கோடுகள். மேலிருந்து கீழாக எழுத வேண்டும். புல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் மனிதன் நிற்கிறான் என்று கதை சொல்லிக் கற்பிப்பவர்கள் உண்டு. அம்மா கொழுந்தெடுப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது சட்டென்று பதிந்துவிடும். ஆனால் கதையை நம்பி அடியில் மரத்தையே எழுதிவிடக் கூடாது. மரத்தின் எழுத்தில் சரிவுக் கோடுகள் நடுத்தண்டிலிருந்து பிரியும். இங்கே அவை தண்டைத் தொடாமல் தள்ளி நிற்கும். கத்தகானா என்ற ஒலியெழுத்து வரிசையை முடித்தவர்கள் அதில் ‘ஹோ’ எழுத்தைக் கண்டுகொள்வார்கள்.

எழுத்து சீனாவில் பிறந்தது. கசப்புக் கீரையைக் குறித்த, ஒரு கோடு கூடுதலான எழுத்துத்தான் முன்பு தேயிலைக்கும் வழங்கியது. 8ஆம் நூற்றாண்டில், லு யூ தேயிலை பற்றிய தன் நூலை எழுதிய காலத்தில், கோடு குறைந்த வடிவம் நிலைத்தது. ஜப்பானியர்கள் இதில் கணக்கும் பார்த்திருக்கிறார்கள். தலையிலுள்ள புல் இரண்டு பத்து; மீதியைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு, அதாவது 88. கூட்டினால் 108. ஆகவே 108 வயது நிறைவுக்கு ‘ச்சாஜு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். (108 தேங்காய் உடைக்கிறவர்களுக்கு எண்ணை நினைவில் வைப்பது சிரமமில்லை.)

ஒலி ஒன்றல்ல என்பதுதான் காஞ்சியின் குறும்பு. தேநீர்க் கடையான ‘கிஸ்ஸாதென்’னில் இதே எழுத்து ‘ஸா’ ஆகிறது. பழுப்பு நிறம் ‘ச்சா இரோ’. மரியாதைக்கு ‘ஒ’ சேர்த்து ‘ஒச்சா’ என்பார்கள். மலையகத்தார் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘ஒச்சா’ என்று கேட்டால் பெரும்பாலும் பச்சைத் தேயிலைச் சாயம்தான்; சீனியும் கிடையாது, பாலும் கிடையாது. ஹட்டன் தூளில் ஊற்றும் தேத்தண்ணிக்கு அங்கே ‘கோச்சா’ என்று பெயர். முதியோர் இல்லத்துப் பாட்டி ‘ஒச்சா’ கேட்டு, பால் தேத்தண்ணி போய்ச் சேர்ந்தால் முகம் சுளிப்பார்.

‘ஒச்சா ஒ நொமிமஸ்’ என்றால் தேநீரைக் குடிக்கிறேன். நடுவிலுள்ள ‘ஒ’ நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கிறது, வினை கடைசியில் வருகிறது. இப்படிப்பட்ட ஒற்றுமைகளை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டவர் ஜப்பானிய மொழியியலாளர் ஒனோ சுசுமு. யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. அது எப்படியிருந்தாலும் வாக்கியம் அமைப்பது தமிழருக்கு லேசு. தடுக்கி விழுவதெல்லாம் காஞ்சியில்தான்.

ஜே.எல்.பி.டி. தேர்வில் கையால் எழுதச் சொல்வதில்லை. கொடுத்த விடைகளில் சரியானதைக் குறித்தால் போதும். அதை நம்பிப் பலர் எழுதிப் பழகுவதையே விட்டுவிடுகிறார்கள். தொடக்க நிலையான என்5இல் சுமார் 100 எழுத்துகளோடு அப்படிச் சமாளித்துவிடலாம். என்4க்குப் போகும்போது அது ஏறத்தாழ 300 ஆகிறது. பூ, மருந்து, ஆங்கிலத்தின் முதல் எழுத்து, தேயிலை என்று தலையில் புல் முளைத்தவையே பல வந்து நிற்கும். சதுரக்கோட்டுக் கொப்பியில் நாளுக்குப் பத்துத் தடவை எழுதிப் பழகியவர்கள் அங்கே தடுமாறுவது குறைவு.