விமானிக்கும் தேவை ஒரு மாற்று ஏற்பாடு

என்னிடம் படிவம் 5 இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இன்று போர் விமானி. அண்மையில் கைப்பேசியில் அழைத்தார். கழுத்து வலி காரணமாக இரண்டு மாதம் பறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். "டீச்சர், சரியாகிவிடும் என்கிறார்கள். ஆகாவிட்டால்? இயங்கலையில் ஒரு முதுகலைப் பட்டம் படித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எதைப் படிப்பது?" என்று கேட்டார்.

அவருடைய கவலை நியாயமானதுதானா? அறிவியலிடமே கேட்போம்.

உடல் தாங்கும் எல்லை

போர் விமானம் வேகமாக வளைந்து திரும்பும்போது விமானியின் எடை பல மடங்கு கூடுவதுபோல் இருக்கும். இதை 'ஜி' என்ற அளவால் குறிப்பிடுகிறோம். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து 7 கிலோகிராம் என்று கொள்வோம். 9 ஜி-யில் கழுத்து சுமப்பது 63 கிலோகிராம். ஒரு மனிதரையே தலைமேல் உட்கார வைத்தது போல!

இரத்த ஓட்டமும் பாதிக்கப்படுகிறது. இதயத்திலிருந்து கண் சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்ற, சாதாரண நிலையில் சுமார் 23 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. 4 ஜி-யில் இது 92 ஆகிறது. இதயம் தரும் சராசரி அழுத்தமோ ஏறக்குறைய 100தான். மிஞ்சும் 8, கண்ணுக்குள் இருக்கும் சுமார் 15 என்ற அழுத்தத்தைவிடக் குறைவு. எனவே விழித்திரைக்கு இரத்தம் போகாமல் பார்வை மங்குகிறது. 5 ஜி-யில் தேவை 115. இப்போது மூளைக்கும் இரத்தம் எட்டாது, மயக்கம் வரும். சிறப்பு உடையும் தசைகளை இறுக்கும் பயிற்சியும் இருப்பதால்தான் விமானிகள் 9 ஜி வரை சமாளிக்கிறார்கள். அதற்கான விலையைக் கழுத்தும் முதுகும் கொடுக்கின்றன.

சியூ சிட்டி தந்த பாடம்

"பயணிகள் விமானத்துக்கு மாறிவிடலாமே?" என்று பலர் சொல்வார்கள். நல்ல வழிதான். ஆனால், அங்கும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இங்கே கதவை அடைக்கும் அதே உடல்நலக் குறை அங்கேயும் அடைத்துவிடலாம். 2020-இல் கோவிட் பரவியபோது, உடல்நலம் நன்றாக இருந்த விமானிகளும் உலகெங்கும் வேலை இழந்தார்கள்.

1989 ஜூலை 19-ஆம் நாள் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானம் அமெரிக்காவின் சியூ சிட்டியில் விபத்துக்குள்ளானது. அதில் ஒன்றுக்கு மூன்றாக ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தன. ஆனால், வால் பகுதியிலிருந்த எந்திரத்தின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியபோது மூன்றுமே ஒன்றாகச் செயலிழந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதில் நமக்கொரு பாடம் உண்டு: ஒரே காரணத்தால் சேர்ந்து கெட்டுப்போகும் மூன்று, உண்மையில் மூன்று அல்ல. மாற்றுத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவின் எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகம் வானூர்தியியல், மனிதக் காரணியியல் ஆகிய முதுகலைப் படிப்புகளை இயங்கலையில் நடத்துகிறது. மனிதர் ஏன் தவறு செய்கிறார், கருவியை எப்படி அமைத்தால் தவறு குறையும் என்று ஆராய்வதே மனிதக் காரணியியல். விமானி அறையில் பெற்ற அனுபவம் இங்கே மூலதனமாகும். மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், வேலைவாய்ப்பு பெரும்பாலும் விமானத்துறையைச் சார்ந்தே இருக்கும்.

ஜார்ஜியா டெக் 2014-இல் தொடங்கிய இயங்கலைக் கணினி அறிவியல் முதுகலை இன்னொரு வகை. 10 பாடங்கள், 6 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். மொத்தச் செலவு ஏறக்குறைய 7,000 அமெரிக்க டாலர். விரிவுரைகள் பதிவு செய்யப்பட்டவை என்பதால் பணி முடிந்து இரவிலும் பார்க்கலாம். விமானத்துறையே சரிந்தாலும் இந்தப் பட்டம் கைகொடுக்கும். ஆனால், நிரல் எழுதிப் பழகாதவருக்கு இது கடினம். தேர்ச்சி பெறுவது எளிதல்ல.

பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, அரசு வேலைக்குப் போக நினைத்தால் அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று எம்.கியூ.ஏ.விடம் கேளுங்கள். இரண்டாவது, பொறியியலாளராகப் பதிவு பெற இளங்கலைப் பொறியியல் பட்டமே அடிப்படை. முதுகலை மட்டும் அந்த இடத்தை நிரப்பாது. மூன்றாவது, பயிற்சிக்காகவோ பணிக்காகவோ வெளியூர் அனுப்பப்பட்டால் ஒரு பருவம் விடுப்பு எடுக்க முடியுமா என்று எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: "முதலில் கட்டணமில்லாத ஒரு நிரலாக்கப் பாடத்தை எடுத்துப் பார். பிடித்தால் கணினி, இல்லாவிட்டால் மனிதக் காரணியியல்." இரண்டு மாத ஓய்வில் அவர் அந்தப் பாடத்தைத் தொடங்கிவிட்டார். பாராசூட்டை விமானி குதிக்கும்போது தைப்பதில்லை. புறப்படும் முன்பே கட்டிக்கொள்கிறார், இல்லையா?