குளத்தைத் தூர்க்காமல் ஊர் கட்டிய கதை
(இறுதியாண்டு, சிவில் பிரிவு)

ஒவ்வொருத்தருக்கும் ஒரு பைத்தியம் இருக்கும். சிலருக்கு கிரிக்கெட், சிலருக்கு சினிமா. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து லண்டன் டாக்லேண்ட்ஸ். போனதும் இல்லை, போவேனா என்பதும் சந்தேகம். சின்ன வயதில் பார்த்த ஒரு பழைய வரைபடம்தான் காரணம். தேம்ஸ் நதி வளைந்து வளைந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள்ளே நீலப் பெயிண்டில் நீள நீளமாகக் கட்டங்கள். பக்கத்திலேயே இவ்வளவு பெரிய ஆறு இருக்கும்போது எதுக்குய்யா இத்தனை குளம்?

பதில் கடல் ஏற்றவற்றத்தில் இருக்கிறது. லண்டன் பாலத்தருகே தேம்ஸின் நீர்மட்டம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். பெரிய ஏற்றத்தின்போது வித்தியாசம் சுமார் 7 மீட்டர், அதாவது இரண்டு மாடி உயரம்! ஆற்றங்கரையில் கட்டிய கப்பல் மதியம் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் கரையைத் தோண்டிப் பெரிய தொட்டி கட்டினார்கள். ஆற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே இரட்டைக் கதவு வைத்த லாக். வெளியே நீர் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே மட்டம் அசையாது. சுற்றிலும் உயர்ந்த மதில் இருந்ததால் சரக்குத் திருட்டும் குறைந்தது. இதுதான் டாக்.

1802-ல் ஐல் ஆஃப் டாக்ஸ் என்ற இடத்தில் வெஸ்ட் இண்டியா டாக் திறக்கப்பட்டது. (இந்த 'டாக்ஸ்' நாய்கள், கப்பல்துறை இல்லை! நானும் ரொம்ப நாள் குழம்பினேன்.) வில்லியம் ஜெஸப் கட்டிய அதன் செங்கல் கரைச்சுவர் வளைந்த வடிவில் இருப்பதால் அதற்கு 'வாழைப்பழச் சுவர்' என்றே பெயர். அங்கே இறங்கிய சர்க்கரை, கரீபியன் தீவுகளில் அடிமைகள் ரத்தம் சிந்தி விளைவித்தது. அடுத்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்காக 1806-ல் ஈஸ்ட் இண்டியா டாக், 1828-ல் செயின்ட் கேத்தரின், 1855-ல் ராயல் விக்டோரியா, 1880-ல் ராயல் ஆல்பர்ட் என்று வரிசையாக வந்தன. கடைசியாக 1921-ல் ஐந்தாம் ஜார்ஜ் டாக்.

வேலைக்கு ஆள் எடுத்த விதம் கொடுமை. காலையில் வாசலில் கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி விரல் காட்டினால்தான் அன்றைக்குக் கூலி. மணிக்கு 6 பென்னி கேட்டு 1889-ல் நடந்த வேலைநிறுத்தம் ஜெயித்தது. ஆனால் தினக்கூலி முறை ஒழிந்து நிரந்தர வேலை வந்தது 1967-ல்தான். வேடிக்கையைப் பாருங்கள், அந்த வருஷமே ஈஸ்ட் இண்டியா டாக் மூடப்பட்டது!

மூடவைத்தது எது தெரியுமா? ஒரு இரும்புப் பெட்டி. 1956-ல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனிக்காரர் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். மூட்டை மூட்டையாக நாள்கணக்கில் இறக்கிய சரக்கை, கன்டெய்னராக வந்தால் கிரேன் சில மணி நேரத்தில் இறக்கிவிடும். கன்டெய்னர் கப்பல்கள் பெரிசாகிக்கொண்டே போக, பழைய லாக்குக்குள் அவை நுழையவில்லை. பெட்டிகளை அடுக்க இடமும் இல்லை. வியாபாரம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள டில்பரிக்கும், கடலோர பெலிக்ஸ்டோவுக்கும் போய்விட்டது. 1980-ல் வெஸ்ட் இண்டியா டாக்கும் 1981-ல் ராயல் டாக்குகளும் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக மூட்டை தூக்கிய குடும்பங்கள் தெருவில் நின்றன.

இனிமேல்தான் நம்ம பாடம். 1981-ல் அரசாங்கம் லண்டன் டாக்லேண்ட்ஸ் வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. முன்னின்றவர் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன். உள்ளாட்சிகளிடமிருந்த கட்டிட அனுமதி அதிகாரம் கழகத்தின் கைக்கு வந்தது. 1982-ல் ஐல் ஆஃப் டாக்ஸில் பத்து வருஷச் சொத்துவரி விலக்கும் வந்தது. முதலாளி வரட்டும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது நம்பிக்கை. தெற்குக் கரையில் சரே டாக்குகளைப் பெரும்பாலும் தூர்த்தே விட்டார்கள். ஐல் ஆஃப் டாக்ஸில் மட்டும் தண்ணீரைப் பெரும்பாலும் விட்டுவைத்து, அதன் மேலேயே பைல் இறக்கிக் கட்டினார்கள். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். அந்த வாழைப்பழச் சுவர் இன்றும் இருக்கிறது.

கேனரி வார்ஃப் 1930-களில் பழக் கப்பல்களுக்காகக் கட்டிய சரக்குத் துறை. அங்கே ஒலிம்பியா அண்ட் யார்க் என்ற கனடா நாட்டுக் கம்பெனி 235 மீட்டர் உயரத்தில் 50 மாடிக் கோபுரம் எழுப்பி, 1991-ல் முடித்தது. வடிவமைத்தவர் சீசர் பெல்லி. சுமார் 20 வருஷம் பிரிட்டனின் உயரமான கட்டிடம் அதுதான்.

சரி, அந்த 50 மாடிக்கும் ஆட்கள் எப்படி வந்து சேர்வார்கள்? இதைத்தான் கோட்டை விட்டார்கள். 1987-ல் திறந்த டிரைவர் இல்லாத லைட் ரயிலுக்கு ஆன செலவு 77 மில்லியன் பவுண்டுதான். 1840-ம் வருஷத்து ரயில் மேம்பாலத்தையே பயன்படுத்தியதால் சிக்கனம். ஆரம்பத்தில் இருந்தவை 11 ரயில்கள், அதுவும் ஒவ்வொன்றும் ஒற்றைப் பெட்டி! இது கோபுரத்துக்கு எந்த மூலைக்கு? பிறகு பிளாட்பாரத்தை நீட்டி, 1991-ல் பாங்க் நிலையம் வரை சுரங்கம் போட்டார்கள். சாலைக்காக 1993-ல் லைம்ஹவுஸ் சுரங்கப்பாதை வந்தது. 2 கிலோமீட்டர்கூட இல்லை, கிட்டத்தட்ட 300 மில்லியன் பவுண்டு விழுங்கியது. பெரிய சுரங்க ரயிலான ஜூபிலி லைன் வருவதற்குள், அதற்கு 400 மில்லியன் தருவதாகச் சொன்ன ஒலிம்பியா கம்பெனியே 1992-ல் திவாலானது. காலி மாடிகளோடு கோபுரம் நின்றது. டாக் தண்ணீரை இறைத்துவிட்டு அந்தக் குழிக்குள்ளேயே நிலையம் கட்டி, ஜூபிலி லைன் ஓடியது 1999-ல். அதன் பிறகுதான் இடம் நிமிர்ந்தது. சொல்லுங்கள், முதலில் ரயில் போட்டிருந்தால் எத்தனை கோடி மிச்சம்?

உள்ளூர் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1983-ல் ராயல் டாக்குகளுக்கு வீடும் வேலையும் முதலில் வரவேண்டுமென்று தாங்களே ஒரு மக்கள் திட்டம் தயாரித்தார்கள். 1984-ல் படகுகளில் ஊர்வலமாகப் பாராளுமன்றத்துக்கே போனார்கள். அங்கே வந்தது விமான நிலையம். ராயல் ஆல்பர்ட் டாக்குக்கும் ஐந்தாம் ஜார்ஜ் டாக்குக்கும் நடுவே, கப்பல் நின்ற கரையே 1987 முதல் ஓடுபாதை. கேனரி வார்ஃபில் பின்னாளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள், உண்மைதான். ஆனால் அது வங்கி வேலை. ஐம்பது வயதில் மூட்டை தூக்குவதை விட்ட ஆளை எந்த வங்கி கூப்பிடும்?

கழகம் 1998-ல் கலைக்கப்பட்டது. 1802-ம் வருஷத்துச் சரக்குக் கிடங்கு ஒன்று 2003 முதல் மியூசியம். அதன் வாசலில் நின்ற அடிமை வியாபாரி ராபர்ட் மில்லிகனின் சிலையை 2020-ல் எடுத்துவிட்டார்கள். 2022-ல் எலிசபெத் லைன் வந்தது. அந்த நிலையமும் டாக் தண்ணீருக்குள்ளேதான். அடுத்த வருஷமே, அங்கிருந்த தன் சொந்தக் கோபுரத்தைக் காலி செய்யப்போவதாக எச்.எஸ்.பி.சி. வங்கி அறிவித்தது. டாக் வாசலில் 1969-ல் கட்டிய நீலத் தூக்குப்பாலம் மட்டும், எப்போதாவது ஒரு கப்பல் வந்தால், இன்றைக்கும் எழுந்து வழிவிடுகிறது.