வெளியூர் செல்லுமுன் கோழிகளுக்கு ஏற்பாடு

கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே அமைந்த ஆற்றுத்தீவு ஏலூர். இங்கு வீட்டில் கோழி வளர்ப்போர் ஓண விடுமுறைக்கு வெளியூர் செல்வதானால், கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

முட்டைக்கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். அதைப்போல இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். தீவனத்தை முன்பே நிரப்பி வைக்கலாம். ஆனால் காலையில் கூட்டைத் திறக்கவும், தண்ணீர் மாற்றவும், முட்டை எடுக்கவும், அந்தியில் எண்ணி அடைக்கவும் ஆள் வந்தாக வேண்டும். பூட்டாத கூட்டில் கீரியும் மரநாயும் புகும். பக்கத்து வீட்டாரே இதற்கு ஏற்றவர்கள். அன்றன்றைய முட்டைகளை அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாறு இத்தீவுக்குள் புகுந்தது. எனவே மழைக்காலத்தில் கூடு மேட்டில் இருப்பது நல்லது. தீவனத்தையும் ஈரம் படாமல் மூடி வைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த தீவனம் கோழிக்கு நஞ்சு.